வேகத்துக்கு ஒரு பள்ளி கண்டவர்: கோவை கரிவரதன்

செல்வர் வீட்டிற் பிறந்து செல்வராகவே வாழ்ந்து செல்வராகவே மறைந்தோர் உலகிற் பலர். அவர்தம் பெயர் அவர் கட்டிய மாளிகையின் வாயிற் கல்லிலே சில காலம் நிற்கும். பின்னர் அதுவும் தேய்ந்துவிடும். ஆனால், தமக்கு எளிதாய்க் கிடைத்த ஒன்றைப் பிறர்க்கும் எளிதாக்கிக் கொடுத்துச் சென்றோர் மிகச் சிலரே. அந்தச் சிலருள் ஒருவர் கோயம்புத்தூர் தந்த எஸ். கரிவரதன். மோட்டார் வண்டிப் பந்தயம் என்பது செல்வர்க்கே உரிய விளையாட்டு என்றிருந்த காலத்தில், நடுத்தரக் குடும்பத்து இளைஞனும் அதில் இறங்கலாம் என்று காட்டியவர் அவர். அவருடைய வாழ்வையும், அவர் கட்டிய வண்டியின் உள்ளே மறைந்திருக்கும் அறிவையும் நம் மன்றத்து இளைஞரும் பெரியோரும் ஒருங்கே அறிதல் நன்று.

முதலிலே அவர் பிறந்த ஊரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். கோவை நெடுங்காலமாகப் பஞ்சுக்கும் நூலுக்கும் பேர்போன ஊர். 1888ஆம் ஆண்டில் அங்கே முதல் நூற்பாலை எழுந்தது. 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்து சேர்ந்தபின், ஆலைகள் பெருகின. ஆலைகளைப் பின்பற்றி வார்ப்படச் சாலைகளும், மோட்டார்ப் பட்டறைகளும், நீரிறைக்கும் பம்புத் தொழிலும் பெருகின. பள்ளிப் படிப்பை முடிக்காமலேயே பொறியியல் மேதையாய் விளங்கிய ஜி. டி. நாயுடு 1893 முதல் 1974 வரை வாழ்ந்ததும் அந்த மண்ணிலேதான். பழைய மோட்டார்ச் சைக்கிள் ஒன்றைக் கழற்றிப் பூட்டிப் பார்த்தே அவர் பொறிகளின் இரகசியத்தைக் கற்றார் என்பர். கையிலே எண்ணெய் படுவதை இழுக்கென எண்ணாத ஊர் கோவை. நிலம் அவ்வாறு பண்பட்டிருந்தமையால், விதை வீணாகவில்லை.

1910ஆம் ஆண்டில் தோன்றிய லட்சுமி மில் அவ்வூரின் பெருந் தொழிலகங்களுள் ஒன்று. அந்த ஆலைக் குடும்பத்திலே 1954ஆம் ஆண்டு பிறந்தவர் கரிவரதன். நண்பர்களுக்கும் பந்தய உலகத்துக்கும் அவர் வெறும் ‘கரி’ தான். கணக்குப் புத்தகமும் பஞ்சு மூட்டையும் அவருக்காகக் காத்திருந்தன. ஆனால் அவர் மனமோ எஞ்சினின் ஓசையைத் தேடிச் சென்றது. பந்தயங்களில் வண்டி ஓட்டினார். ஓட்டுவதோடு நில்லாமல், வண்டி ஏன் இவ்வாறு ஓடுகிறது, வளைவிலே ஏன் வழுக்குகிறது, இன்னும் எவ்வாறு அதைத் திருத்தலாம் என்று ஆராய்ந்து, தாமே வண்டிகளைக் கட்டவும் தொடங்கினார். ‘சூப்பர் ஸ்பீட்ஸ்’ என்ற பெயரில் அவர் நடத்திய பட்டறை பந்தய வண்டிகளின் பிறப்பிடமாயிற்று. ஓட்டுநரும் தச்சரும் ஒருவரேயாதல் எளிதில் வாய்ப்பதன்று. வள்ளம் கட்டுபவனே கடலோடியாகவும் இருந்தால், அவன் கட்டும் அடுத்த வள்ளம் எத்துணைச் செம்மையாயிருக்கும் என்பதை நம் கரையோர மக்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

அந்நாளிலே தென்னிந்தியப் பந்தயத்தின் களம் சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரம். அஃது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைக்கப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட விமான ஓடுதளம். நம் நாட்டிலே களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுகுருந்தையும் அவ்வாறே பழைய விமானத் தளத்திற் பந்தயம் நடந்த இடந்தான். சோழவரத்தில் ஆண்டுதோறும் மக்கள் திரள்வர். ஆனால் களத்தில் இறங்குவோர் சிலரே. காரணம் பணம். இந்தியாவில் வெளிநாட்டு வண்டிகளை இறக்குமதி செய்தல் அக்காலத்தில் மிகக் கடினம். ஆகவே, ஒருபுறம் பெருஞ் செல்வர் அரும்பாடுபட்டு வரவழைத்த அந்நிய வண்டிகள். மறுபுறம் வீதியில் ஓடும் ஃபியட் போன்ற வண்டிகளை உருமாற்றிக் கொண்டு வந்தோர். ஒருவன் வென்றால் அது அவன் திறமையாலா, அவன் வண்டியாலா, அவன் தந்தையின் பணப்பையாலா என்று எவராலும் சொல்ல இயலாது. திறமையை அளக்கும் கோல் அங்கே இல்லை.

இந்நிலையில் 1983 டிசம்பரில் மாருதி 800 என்ற சிறு கார் இந்திய வீதிகளுக்கு வந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. கொள்ளளவு, நாற்பது குதிரைவலுவுக்குச் சற்றுக் குறைந்த ஆற்றல். நம் புத்தளம்–கொழும்பு வீதியிலும் அந்த வண்டியை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கின்றோம். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் எளிய வண்டி என்றே பிறர் அதைக் கண்டனர். கரிவரதனோ அதன் எஞ்சினிலே ஒரு பந்தய வண்டியின் இதயத்தைக் கண்டார். எங்கும் கிடைப்பது, விலை குறைந்தது, பழுதுபட்டால் எவ்வூரிலும் திருத்தத்தக்கது. அந்த எஞ்சினைத் தாங்கும்படி ஒருவர் மட்டும் அமரும் திறந்த பந்தய வண்டியை அவர் அமைத்தார். 1980களின் பிற்பகுதியில் ‘ஃபார்முலா மாருதி’ என்ற பெயரில் அவ்வண்டிகளுக்கான பந்தயங்கள் தொடங்கின. எல்லோருக்கும் ஒரே வகை வண்டி, ஒரே வகை எஞ்சின். இப்பொழுது கோல் கிடைத்துவிட்டது. முந்தி வருபவன் பணத்தால் முந்தவில்லை, கையாலும் கண்ணாலும் மனத்தாலுமே முந்தினான் என்று துணிந்து சொல்லலாம்.

எஞ்சின் எங்கே இருத்தல் வேண்டும்?

இவ்வண்டியிலே எஞ்சின் ஓட்டுநருக்கு முன்னே இல்லை. அவர் முதுகுக்குப் பின்னே இருந்தது. இஃது ஏன் என்று வினவுதல் பயனுடைத்து. இன்று கோடிக்கணக்கில் விலைபோகும் இத்தாலிய, ஆங்கிலேய அதிவேக வண்டிகள் யாவும் பெரும்பாலும் இதே அமைப்பைப் பின்பற்றுவனவே.

மாட்டு வண்டியிற் பாரம் ஏற்றுவோர் ஓர் உண்மையை அறிவர். பாரம் முன்னே மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்னே மிகுந்தால் நுகத்தடி மேலே எழும். மோட்டார் வண்டியில் மிகப் பெரிய பாரங்களுள் ஒன்று எஞ்சின். முன்னே வைத்தால், திரும்பும்போது மூக்குப் பாரம் நேரே செல்லவே விரும்பும். ஃபோக்ஸ்வாகன் ஆமைக் காரிற்போல் பின் அச்சுக்கும் அப்பால் தொங்கவைத்தால், வளைவிலே வால் வெளியே வீசப் பார்க்கும். ஆகவே ஓட்டுநருக்குப் பின்னும் பின் அச்சுக்கு முன்னுமாக, ஏறத்தாழ வண்டியின் நடுவிலே வைத்துவிட்டால் நான்கு சில்லுகளும் தத்தம் பங்கை ஒழுங்காக ஏற்கும். இதுவே நடு எஞ்சின் அமைப்பு.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. வலை முழுவதையும் வள்ளத்தின் அணியத்திலும் கடையாரிலும் பிரித்துக் குவித்துவிட்டு வள்ளத்தைத் திருப்பிப் பாருங்கள். அதே வலையை நடுவிலே குவித்துவிட்டுத் திருப்பிப் பாருங்கள். நிறை ஒன்றே, ஆயினும் இரண்டாவது முறை வள்ளம் விரைந்து திரும்பும். பாரம் சுழலும் மையத்தை அண்மியிருந்தால் சுழற்றுவது எளிது, விலகியிருந்தால் அரிது. பந்தய வண்டிக்கு வேண்டுவதும் இவ்விரைந்த திருப்பமே. மேலும், எஞ்சின் பின்னே சென்றுவிட்டமையால் பின் சில்லுகளுக்கு வலுவைக் கொண்டுசெல்லும் நீண்ட தண்டு ஓட்டுநரின் கீழே ஓடவேண்டியதில்லை. அவர் தாழ்ந்து அமரலாம், மூக்கு தாழலாம், காற்றின் தடை குறையும். புறப்படும் போதும் வேகங் கூட்டும் போதும் நிறை பின்னோக்கிச் சாயும். உந்தும் சில்லுகளும் அங்கேயே இருத்தலால் அவை நிலத்தை இறுகப் பற்றும்.

குறையில்லாத அமைப்பு எதுவுமில்லை. விரைந்து திரும்பும் வண்டி, பற்று விட்டுப்போனால் விரைந்து சுழன்றும் விடும். அதை மீட்க ஓட்டுநருக்குக் கிடைக்கும் நேரம் கண்ணிமைப் பொழுதே. எஞ்சினைக் குளிர்விக்கக் காற்றைப் பின்னே கொண்டுசெல்வதும் எளிதன்று. ஆகவே இவ்வமைப்பு வல்லவனுக்கு வரம், பயிலாதவனுக்குப் பகை.

உலக வரலாற்றிலும் இவ்வமைப்பு மெல்லவே இடம் பிடித்தது. 1934இல் ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த ஜெர்மானிய ஆட்டோ யூனியன் வண்டி பதினாறு சிலிண்டர் எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னே தாங்கி ஓடியது. போருக்குப் பின்னர், இங்கிலாந்தின் சர்பிட்டன் என்னும் சிற்றூர்ப் பட்டறையில் சார்ல்ஸ் கூப்பரும் அவர் மகன் ஜோனும் மோட்டார்ச் சைக்கிள் எஞ்சினைக் கொண்டு சிறு பந்தய வண்டிகளைக் கட்டினர். சங்கிலியாற் பின் சில்லை ஓட்டுவது எளிதென்பதாலேயே எஞ்சினைப் பின்னே வைத்தனர். பெரிய நிறுவனங்கள் அவற்றை ஒரு பொருட்டாக எண்ணவில்லை. ஆனால் 1958இல் ஆர்ஜென்ரீனாவில் ஸ்டேர்லிங் மொஸ் அத்தகைய கூப்பர் வண்டியில் வென்றார். 1959இலும் 1960இலும் ஜாக் பிரபம் அதிலேயே உலக வாகையர் ஆனார். அதன் பின்னர் எஞ்சினை முன்னே வைத்தோர் அனைவரும் பின்னே மாற்றவேண்டியதாயிற்று.

வீதியில் ஓடும் வண்டிகளுள் 1966இல் வெளிவந்த இத்தாலியின் லம்போகினி மியூரா பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினைக் குறுக்காக ஓட்டுநரின் பின்னே வைத்து உலகை வியக்கவைத்தது. அதை வடிவமைத்த பொறியியலாளர் இருபதுகளில் இருந்த இளைஞர்கள் என்பதை நம் இளைஞர் மனத்திற் கொள்க. 1998இல் மக்லாரன் எஃப்1 என்ற வண்டி மணிக்கு 386 கிலோமீற்றர் வேகத்தை எட்டியது. அதன் எஞ்சினும் நடுவிலேயே. அமெரிக்காவின் கோர்வெட், அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக எஞ்சினை முன்னே சுமந்திருந்து, 2019இல் அறிமுகமான தன் எட்டாம் தலைமுறையில் நடுவுக்கு மாறிவிட்டது. பட்டறைச் சிற்றறிவு பேராலைகளின் நடைமுறையாவதற்கு எத்தனை காலம் பிடித்தது, பாருங்கள்!

கோவையில் நடந்ததும் சர்பிட்டனில் நடந்ததன் உடன்பிறப்பே. கைக்கெட்டும் சிறு எஞ்சின், சிறு பட்டறை, பெரிய எண்ணம்.

சிறு எஞ்சின் தந்த பெரும் பாடம்

நாற்பது குதிரைவலு எங்கே, அறுநூறு குதிரைவலு எங்கே என்று சிலர் நகைக்கலாம். ஆனால் கற்பவனுக்குச் சிறு எஞ்சினே நல்லாசான். வலு மிகுந்த வண்டியில், வளைவிலே செய்த பிழையை நேர்ப்பாதையில் எஞ்சினை முறுக்கி மறைத்துவிடலாம். வலு குறைந்த வண்டியில் மறைக்க முடியாது. வளைவிலே இழந்த வேகம் இழந்ததுதான். அதை மீண்டும் ஈட்ட நெடுந்தூரம் வேண்டும். ஆகவே எங்கே பிறேக்கை அழுத்துவது, எங்கே விடுவது, எந்தக் கோட்டில் திரும்புவது என்பவற்றை ஓட்டுநர் நுணுகிப் பயின்றே ஆகவேண்டும். செல்வத்தைக் குறைத்தால் சிக்கனம் பிறப்பது போல, வலுவைக் குறைத்தால் கலை பிறக்கும்.

இப்பள்ளியின் மாணவர்களுள் உலகறிந்தவர் நரேன் கார்த்திகேயன். கோவையைச் சேர்ந்த அவர் 1992இல், பதினைந்து வயதில், சென்னைக்கு அண்மையில் ஃபார்முலா மாருதி வண்டியில் தம் முதற் பந்தயத்தை ஓட்டி மூன்றாவதாக வந்தார். சோழவரத்துக்குப் பின்னர், முறைப்படி கட்டப்பட்ட இருங்காட்டுக்கோட்டைக் களம் 1990இல் திறக்கப்பட்டிருந்தது. நரேன் 1994இல் இங்கிலாந்தில் ஃபார்முலா ஃபோர்ட் குளிர்காலத் தொடரை வென்றார். 1996இல் ஃபார்முலா ஏசியா வாகையர் ஆனார். 2005இல் ஜோர்டான் அணியிற் சேர்ந்து ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெருமையை அடைந்தார். உலகின் மிக உயர்ந்த அரங்கிலே ஒரு தமிழ்நாட்டு இளைஞர் நின்றார். அந்த ஏணியின் கீழ்ப்படி, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் காரின் எஞ்சின்தான்.

ஆயின், ஏணியைச் செய்தவர் அந்த நாளைக் காணவில்லை. தரையிலே வேகத்தை விரும்பியதைப் போன்றே வானிலே பறப்பதையும் விரும்பிய கரிவரதன், 1995 ஆகஸ்டில் சிறு விமான விபத்தொன்றில் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று. இத்தகைய மரணத்தை வீரமென்று புகழ்ந்து பாடுதல் எளிது, அது நேர்மையாகாது. பொறியை நேசித்தவரையும் பொறி விட்டுவைப்பதில்லை. அவர் இன்னும் இருபது ஆண்டுகள் இருந்திருந்தால் எத்தனை வண்டிகள், எத்தனை இளைஞர்கள்! அந்த இழப்பை இழப்பென்றே சொல்லவேண்டும். கோவைக்கு அண்மையில் செட்டிபாளையத்தில் ஏறத்தாழ 2.1 கிலோமீற்றர் நீளமுள்ள பந்தயக் களம் 2003 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ என்பது அதன் பெயர். கல்லிற் செதுக்கிய சிலையிலும், இளைஞர் ஓடிப் பழகும் களம் அவருக்குப் பொருத்தமான நினைவுச் சின்னமே.

நமக்கு இதில் என்ன?

இக்கதை நமக்கெதற்கு என்று பெரியோர் கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, உயிர். சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே தென்னந்தோப்புகளின் நடுவே நீளும் நெடுவீதியிலும், பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் வீதியிலும் மாலை நேரங்களில் மோட்டார்ச் சைக்கிளில் ஒருவரையொருவர் முந்தும் இளைஞரை நாம் காண்கின்றோம். அவர்களுக்குச் சிறு கணக்கொன்று சொல்லவேண்டும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவன், மாடொன்று குறுக்கே வருவதைக் கண்டு பிறேக்கை அழுத்த ஒரு வினாடி எடுத்தால், அதற்குள்ளேயே ஏறத்தாழ 17 மீற்றர் சென்றுவிடுகின்றான். உலர்ந்த நல்ல வீதியில் அதன் பின்னர் நிற்பதற்கு ஏறத்தாழ 20 மீற்றர் வேண்டும். வேகம் 120 ஆனால்? அந்த ஒரு வினாடியில் 33 மீற்றர். நிற்பதற்கு 80 மீற்றர். வேகம் இருமடங்கு, நிற்கும் தூரமோ நான்கு மடங்கு! வளைவிலும் இதே கணக்குத்தான். 60இல் பிடித்துக்கொள்ளும் வளைவில் 120இற் செல்ல, ரயருக்கு நான்கு மடங்கு பற்று வேண்டும். அத்தகைய ரயர் வீதி வண்டிகளுக்கு இல்லை; கெஞ்சினாலும் வராது. மணல் படிந்த கரையோர வீதியில் இன்னும் மோசம்.

பந்தயக் களத்திலே எதிரே வண்டி வராது, மாடு வராது, பள்ளிவிட்டுச் சைக்கிளில் வரும் சிறுமி வரமாட்டாள். தலைக்கவசம், பட்டி, கொடி காட்டுவோர், மருத்துவர் யாவும் அங்கே உண்டு. அத்தனை காவலும் இருந்தும் அங்கேயும் விபத்து நேர்கின்றது. அங்ஙனமாயின் காவலில்லாத வீதியை என்னென்பது? வேக ஆசை பாவமன்று. அதற்குரிய களமும் ஒழுங்கும் இல்லாமையே கேடு. கரிவரதன் ஆசையை அடக்கச் சொல்லவில்லை. அதற்குக் களமும் கருவியும் அமைத்துக் கொடுத்தார்.

இரண்டாவது, கை. நம் ஊர்க் கரைகளிலே, படகின் பின்னே பூட்டும் எஞ்சினைக் கடற்கரை மணலிலேயே கழற்றி, துணியொன்றை விரித்துப் பாகங்களை அடுக்கி, பொழுது சாயுமுன் மீண்டும் பூட்டி உயிர்ப்பிக்கும் இளைஞர் இருக்கின்றனர். பரீட்சையிலே தவறியவன் என்றே அவனை நாம் அறிமுகப்படுத்துகின்றோம். அவன் கையிலுள்ள அறிவுக்கு நாம் பெயரிடுவதில்லை. முச்சக்கர வண்டிகளின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் பிள்ளைகளும் அவ்வாறே. பழுதாகிப் போன எஞ்சின் ஒன்று, நல்ல ஆயுதங்கள் சில, வாரம் ஒருநாள் வந்து பௌதிகத்தின் காரண காரியங்களை விளக்கும் ஆசிரியர் ஒருவர் – இம்மூன்றும் நம் மன்ற மண்டபத்தின் ஒரு மூலையில் அமையுமாயின் அதுவே நல்ல தொடக்கம். பெருந்தொகை வேண்டியதில்லை. மாருதி எஞ்சினைப் போல, கைக்கெட்டுவதே போதும்.

புத்தளத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே பிரித்தானியக் கடற்படையின் விமானத் தளம் ஒன்று இருந்தது. அங்கே விமானங்களை யானை கட்டி இழுத்த காட்சிகள் புகைப்படங்களாக இன்றும் உள்ளன. அந்நாளில் விமானத்தை ஓட்டியவரும் திருத்தியவரும் அந்நியர். நம் மண் இடம் மட்டுமே தந்தது. இனியும் நம் மண் இடம் மட்டுமே தரவேண்டுமா? இழுப்பது யானையாகவே இருக்கட்டும். எஞ்சினின் மொழியை அறிந்தவன் நம் பிள்ளையாகட்டும்.

கரிவரதன் விட்டுச் சென்றது ஒரு வண்டியன்று, ஒரு வழி. உள்ளதைக் கொண்டு உயர்ந்ததைச் செய். செய்ததை உனக்கென்று பூட்டி வைக்காதே. உனக்குப் பின் வருபவன் உன்னை முந்திச் செல்ல இடங்கொடு. முந்துவதையே வாழ்வாகக் கொண்ட உலகில், பிறர் தம்மை முந்தும்படி வழிசெய்தவர் என்பதே அவருக்குரிய புகழ். நம் இளைஞர் கற்க. பெரியோர் களம் அமைக்க.